எலெக்ட்ரிக் வண்டியில் கை வைக்குமுன்... மெக்கானிக்குகளுக்குப் புதுப்பாடம்!

சென்னை,

சத்தத்தைக் கேட்டே என்ஜின் கோளாறைச் சொல்லிவிடுவார், தெருமுனை மெக்கானிக். எலெக்ட்ரிக் வண்டியில் என்ஜினே கிடையாதே! என்ன செய்வார்?

ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, கார்புரேட்டர் கழற்றுவது எதுவும் இதில் இல்லை. பழைய வேலையில் மிஞ்சுவது பிரேக், டயர், சஸ்பென்ஷன்தான். பிழைப்பு ஓட வேண்டுமானால் புதுத்தொழில் பழகியே ஆகவேண்டும்.

ஆரஞ்சு கேபிள்... உஷார்!

ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட். காரிலோ 300, 400 வோல்ட்! வீட்டு கரண்டையே மிஞ்சும். அது ஓடுவது ஆரஞ்சு நிறக் கேபிளில். வெறுங்கையோடு கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

அதனால் முதல் பாடம் ரிப்பேர் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு!

மோதிரம், வாட்ச்சைக் கழற்று. மின்சாரம் தாங்கும் ரப்பர் கையுறை போடு. பேட்டரி இணைப்பைத் துண்டி. சில நிமிஷம் பொறு. சாவியை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்! மீட்டர் வைத்து, 'ஜீரோ' காட்டினால்தான் ஸ்பானர்.

அடுப்பு எரியுமா?

ஐ.டி.ஐ.யில் இதற்கென்றே 2 வருஷப் படிப்பு இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்த பையன் சேரலாம்.

ஆனால், சின்ன வயசிலேயே படிப்பை விட்டு ஷெட்டுக்கு வந்தவர்? 2 வருஷம் கடையை மூடினால் வீட்டில் அடுப்பு எரியுமா? அவருக்கு வேண்டியது, சாயங்காலம் வேலை முடிந்து போகிற மாதிரி ஒரு குறுகிய காலப் பயிற்சி.

இல்லாவிட்டால் வண்டியெல்லாம் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடும். தெருமுனை ஷெட்டுக்குப் பூட்டுதான்!