முக்குணமும் ஐந்து பண்புகளும்

ஒருவருடைய எண்ணத்திலும் உணர்ச்சியிலும் நடத்தையிலும் நெடுங்காலம் நிலைத்திருந்து, அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் போக்கையே உளவியலார் ஆளுமை என்கின்றனர். எனவே மேடையில் முழங்குபவருக்கு இருப்பதைப் போலவே, கூச்சத்தால் ஒதுங்கி நிற்பவருக்கும் ஆளுமை உண்டு.

1936இல் அமெரிக்க உளவியலாளர்களான கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் மனித இயல்புகளைக் குறிக்கும் 17,953 சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து திரட்டினர். பின்வந்தோர், ஒன்று மிகும்போது மற்றொன்றும் மிகுகின்ற இயல்புகளைப் புள்ளியியல் முறையால் ஒரே தொகுதியாகச் சேர்க்கும் காரணிப் பகுப்பாய்வைக் கையாண்டு, புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, பிறருடன் கலந்து பழகும் புறமுக இயல்பு, இணக்கம், எளிதில் கலங்கும் மனநிலை என ஐந்து பெரும் பண்புகளை வகுத்தனர்.

திருவனந்தபுரத்தில் இவ்வாராய்ச்சி வேறொரு வழியிலும் நடந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த வி. ஜார்ஜ் மாத்யூ, சாங்கியத் தத்துவமும் பகவத்கீதையின் 14ஆம் அத்தியாயமும் பேசும் தமோ, ரஜோ, சத்துவ குணங்களை முறையே மந்தம், செயலூக்கம், நிலைபேறு என்னும் உளவியல் கருத்துகளாக்கி, அவற்றை மதிப்பிட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். மூன்று குணங்களும் எல்லாரிடத்திலும் வெவ்வேறு விகிதத்தில் கலந்துள்ளன என்னும் பழைய கொள்கை, மனிதரை வகை பிரிக்காமல் பண்புகளின் அளவைக் காணும் இன்றைய அணுகுமுறைக்கு நெருங்கியதே. ஆயினும் முக்குணக் கோட்பாடு சத்துவத்தை மேலானதாகக் கொண்டு மனிதன் அடைய வேண்டிய நிலையைக் காட்ட, ஐம்பண்புக் கோட்பாடோ மனிதர் இருக்கும் நிலையை விவரிப்பதோடு அமைகிறது.

இத்தகைய அளவீடுகள் பெரும்பாலும் வினாத்தாள் வழியே நிகழ்கின்றன. ‘புதியவரிடம் நானே பேச்சைத் தொடங்குவேன்’ என்பது போன்ற கூற்றுக்கு, முற்றிலும் பொருந்தும் என்பதிலிருந்து சற்றும் பொருந்தாது என்பது வரையுள்ள ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்வதே விடை. எதையும் ஆமோதிக்கும் பழக்கம் முடிவைத் திரிக்காதிருக்க, எதிர்மறைக் கூற்றுகளும் இடையிடையே சேர்க்கப்படும்.

ஆயினும், திருவனந்தபுரத்தின் தலைமைச் செயலகத்தில் மேலதிகாரி முன் வாய் திறவாத ஊழியர், மாலையில் அந்நகரின் சாலைக் கடைத்தெருவில் உரக்கப் பேரம் பேசக்கூடும். சூழலின் இவ்வாற்றலை உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் எழுதிய நூல் வலியுறுத்தியபின், தனியொரு செயலை வைத்து ஆளுமையைக் கணிக்க இயலாது என்பதும், பல சூழல்களில் வெளிப்படும் நடத்தையின் சராசரியே பண்பைக் காட்டும் என்பதும் தெளிவாயின.

இரட்டையர் ஆய்வுகளின்படி, மக்களிடையே காணும் ஆளுமை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது. ஒரு தனிமனிதரின் குணத்தில் பாதி பெற்றோர் தந்தது என்பது இதன் பொருளன்று. வயது ஏற ஏறப் பலரிடம் பொறுப்புணர்வும் இணக்கமும் கூடுவதால், பதினெட்டு வயதில் எழுதிய ஓர் ஆளுமைத் தேர்வின் மதிப்பெண்ணை ஆயுள் முழுமைக்குமான தீர்ப்பாகக் கொள்வதற்கு உளவியலில் ஆதாரமில்லை.