கல்லூரிக்கு அரை நாள், தாலுகா ஆபீசுக்கு நாலு நாள்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் 'காலேஜ் பார்க்கும்' பயணத்தில் முக்கிய வேலை கல்லூரிக்கு வெளியேதான் காத்திருக்கிறது

திலக் நகர்வாசிகளுக்கு ரயில் பக்கத்து வீடு மாதிரி. ஹார்பர் லைன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லோக்மான்ய திலக் டெர்மினஸ். அங்கிருந்து கோயம்புத்தூருக்குத் தினமும் வண்டி உண்டு. ஆனால் செம்பூர், தாராவித் தமிழர்களில் கணிசமானவர்களுக்குச் சொந்த ஊர் அதற்கும் வெகு தெற்கே, திருநெல்வேலி - தூத்துக்குடிச் சீமையில். அவர்கள் பெட்டி படுக்கையோடு சி.எஸ்.எம்.டி.க்கோ தாதருக்கோ போய் நாகர்கோவில் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். அது தினமும் ஓடும் வண்டி அல்ல. ரயிலில் இரண்டு இரவு கழிந்து, மூன்றாம் நாள்தான் கோவில்பட்டி.

வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைத்ததும் இந்தப் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. மும்பையில் இன்ஜினியரிங் என்றால் எம்.எச்.டி. சி.இ.டி. நுழைவுத் தேர்வு, கோச்சிங் கிளாஸ், அதற்கு ஒரு கட்டணம். தமிழ்நாட்டிலோ இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் எல்லாம். ஊர்ப் பக்கத்துக் கல்லூரி என்றால் ஆத்திர அவசரத்துக்கு அத்தை வீடு இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார் என்ற தைரியம் வேறு.

திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். அப்பாவுக்கு ஆபீசில் கிடைத்த லீவு கொஞ்சம். சனிக்கிழமை போய் இறங்குவது, ஞாயிறு குலதெய்வக் கோயில், திங்கள் காலை கல்லூரி, அன்று மாலையே திரும்பும் ரயில். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், இந்த மூன்று நாளில் அரசு அலுவலகம் திறந்திருப்பது ஒரே நாள்தான். அந்தத் திங்கட்கிழமையோ மாவட்டம்தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாள். வருவாய்த் துறை அதிகாரிகளின் கவனமெல்லாம் அங்கே இருக்கும்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்கு வருவாய்த் துறையில் என்ன வேலை? மும்பையில் படித்த தமிழ்ப் பிள்ளைகளின் விஷயத்தில் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வெளி மாநிலத்தில் படித்தவர் தமிழக அரசின் பொறியியல் கவுன்சலிங்கில் சேர வேண்டுமானால், தான் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நேட்டிவிட்டி சர்டிபிகேட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இட ஒதுக்கீட்டில் வருகிறவர் என்றால் தமிழக அதிகாரி கொடுத்த சாதிச் சான்றிதழும் தேவை. முதலாவது இல்லையென்றால் கவுன்சலிங் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மிஞ்சுவது மேனேஜ்மென்ட் கோட்டா. இரண்டாவது இல்லையென்றால் விண்ணப்பம் பொதுப் பிரிவில் போய்ச் சேரும். 69 சதவீத இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று விளக்க வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கேயே சாதிச் சான்றிதழ் கிடைக்காதா என்ற கேள்வி எழலாம். இதற்கான பதில் பம்பாயில் தொடங்கிய ஒரு வழக்கிலேயே இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆந்திரக்காரர் ஒருவர் பம்பாய்க்கு வந்தார். ஆந்திரத்தில் பழங்குடியினர் சான்றிதழ் பெற்ற குடும்பம். மகன் இங்கேயே படித்து, மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். மறுக்கப்பட்டது. மர்ரி சந்திரசேகர ராவ் எதிர் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வர் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-ல் தீர்ப்புச் சொன்னது: ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே வராது. 1994-ல் வந்த இன்னொரு தீர்ப்பும் இதையே உறுதி செய்தது. மகாராஷ்டிர அரசு ஆதாரம் கேட்கும் தேதிகளோ வெகு பழையவை. பட்டியல் சாதியினர் என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தே, இதர பிற்படுத்தப்பட்டோர் என்றால் 1967 அக்டோபர் 13-க்கு முன்பிருந்தே குடும்பம் அந்த மாநிலத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும். தாராவியின் குடிசைக்கு அந்தக் காலத்து ரசீதை யார் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்? ஆக, ஏட்டளவில் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே ஊர், அவர்கள் கோடை விடுமுறைக்கு மட்டும் போய் வந்த ஊர்.

மே மாத நெரிசல்

பெரும்பாலோர் இந்த வேலையை பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுகிறார்கள். காலண்டரைப் பார்த்தால் அது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். 2024-ல் மகாராஷ்டிர எச்.எஸ்.சி. முடிவு வெளியானது மே 21. தமிழ்நாட்டில் பொறியியல் விண்ணப்பத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்த கடைசி நாள் ஜூன் 6. நடுவே 16 நாள். அதில் போகும் பயணத்துக்கே இரண்டு இரவு. 2025-ல் முடிவு மே 5-லேயே வந்துவிட்டதால் மூச்சு விட நேரம் கிடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எப்படியோ, யார் கண்டது?

அதே மே, ஜூனில்தான் தாலுகா ஆபீஸ்களில் ஜமாபந்தி. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வருவாய்த் தீர்வாயம். கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு தாலுகா தலைமையிடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் சான்றிதழ் விண்ணப்பங்களும் அப்போதுதான் குவியும். மும்பையிலிருந்து வந்த குடும்பம் அந்த வரிசையின் கடைசியில். ரயில் டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கோடை விடுமுறை வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இந்தப் பயணத்துக்குச் சரியான காலம் மே அல்ல, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது வரும் தீபாவளி. காரணம் எளிது. மும்பைப் பள்ளிகளுக்கும் ஜூனியர் கல்லூரிகளுக்கும் தீபாவளியை ஒட்டி இரண்டு வாரம் போல லீவு. தமிழ்நாட்டில் ஓரிரு நாள்தான். அங்கே பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் கல்லூரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் வழக்கம்போல இயங்கத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு லீவு, ஊருக்கு வேலை நாள். ஆண்டில் இப்படி வாய்ப்பது அபூர்வம்.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அது அரிதான மழைதான். ஆனாலும், திரும்பும் டிக்கெட்டை வேலை முடியும் என்று எதிர்பார்க்கும் நாளிலேயே போடுவது புத்திசாலித்தனம் அல்ல. வாரத்தில் சில நாட்களே ஓடும் வண்டியைத் தவறவிட்டால் மறுநாளும் சும்மா உட்கார வேண்டி வரலாம். ஒரு வண்டி தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது.

பெயரில் இருக்கிறது வம்பு

விண்ணப்பம் இப்போது இ-சேவை மையத்தின் வழியாகப் போகிறது. செம்பூரில் இருந்தபடியே இணையத்தில் பதிவு செய்துவிடவும் முடியும். ஆனால் விசாரணை ஊரில். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாக அது ஏற வேண்டும். பழங்குடியினரின் சாதிச் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் வரை. "இந்தக் குடும்பம் இங்கே இருந்ததா?" என்ற கேள்வி முதல் படியிலேயே வரும். அப்பா படித்த உள்ளூர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், தாத்தா பெயரில் உள்ள பட்டா, அப்பாவின் சாதிச் சான்றிதழ் இவையெல்லாம் அப்போதுதான் பேசும். டிரங்குப் பெட்டியைக் கிளம்புவதற்கு முன்பே திலக் நகர் வீட்டில் குடைந்துவிட வேண்டும்.

நாள் விழுங்கும் இன்னொரு விஷயம் பெயர். மகாராஷ்டிரப் போர்டு சான்றிதழில் குடும்பப் பெயர் முதலில், பிள்ளையின் பெயர் அடுத்து, தகப்பன் பெயர் மூன்றாவது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? பள்ளியில் சேர்த்த அன்று குமாஸ்தா கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். சில வீடுகளில் தாத்தாவின் பெயர், சில வீடுகளில் சாதிப் பெயர், சில வீடுகளில் ஊர்ப் பெயர். அப்பாவின் ஊர்ச் சான்றிதழிலோ ஒற்றை இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சில சமயம் அபிடவிட் வரை போக வேண்டியிருக்கும். எழுத்துப் பிழை கதை தனி. மராத்திப் பள்ளியில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது எந்த உருவத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நாள், ஆய்வாளருக்கு ஒரு நாள், விட்டுப்போன தாளைத் தேடி எடுக்க ஒரு நாள், கையிருப்பாக ஒரு நாள். நாலு நாள் என்பது சோம்பேறிக் கணக்கு அல்ல.

காத்திருக்கும் நேரம்

இந்த நாலு நாளும் பெற்றோரில் ஒருவருக்குத்தான் தாலுகா ஆபீஸ் பெஞ்ச். பிள்ளையையும் அங்கே உட்கார வைப்பது வீண். விசாரணைக்குக் கூப்பிட்டால் மட்டும் போனால் போதும். மற்ற நேரத்தில் ஊரைப் பார்க்கட்டும். இந்த ஊரில்தானே நாலு வருஷம் இருக்கப் போகிறது!

கோவில்பட்டியின் நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரி 1984-ல் தொடங்கியது. ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில், நாலாட்டின்புத்தூர்ப் பக்கம் இருக்கிறது. ஒரு கல்லூரியை அட்மிஷன் ஆபீஸ் வழியாகப் பார்ப்பது வேறு. சாதாரண நாள் காலையில் டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, சாயங்காலம் வகுப்பு விட்டதும் வாசல் டீக்கடையில் நிற்பது வேறு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சொல்வதுதான் உபயோகமான தகவல்: ஆய்வுக்கூடத்துக்குள் எத்தனை முறை விடுகிறார்கள், போன வருஷம் எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஹாஸ்டலில் கோடையில் தண்ணீர் எப்படி. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. இது கரிசல் பூமி, மானாவாரிச் சீமை. ஊருக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிறது.

மும்பையில் பிறந்த பிள்ளை முதலில் திகைப்பது இரவு எட்டரை மணிக்குத்தான். தெரு அடங்கிவிடும். திலக் நகரில் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்துக் கட்டிய டவர்களின் கீழே அந்த நேரத்தில்தான் வடா-பாவ் வண்டிக்குக் கூட்டம் சேரும். அந்த அமைதி பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்பது ஒரு பகல் விசிட்டில் தெரியாது. நாலு ராத்திரி தங்கினால் தெரியும். தமிழ் பேச வரும், படிக்க வராது என்ற பிள்ளைக்கு பஸ் போர்டே முதல் பாடம்.

பார்க்க ஊரைச் சுற்றியே நிறைய இருக்கிறது. நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று சாகித்ய அகாதெமி விருது பெற்ற இரண்டு எழுத்தாளர்களைத் தந்த சின்னக் கிராமம். கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. கழுகுமலைக்கு ஒரு மத்தியானம் போதும். அங்கே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எல்லோரா கைலாசத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போய் வந்த மும்பைப் பிள்ளைக்கு அதே உத்தியை இங்கே பார்க்கும்போது யாரும் விளக்கவே தேவையில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ரயில் ஏறும் நாளில் வாங்கிக்கொள்ளலாம், திலக் நகர் வரை கெடாது.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கல்லூரி வேண்டாம் என்று பிள்ளை சொல்லக்கூடும். சொல்லட்டும். சான்றிதழ் ஒரு கல்லூரிக்கு மட்டும் வாங்குவதல்ல. கவுன்சலிங்கில் வரும் அண்ணா பல்கலைக்கழகம் முதல் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி வரை எதற்கும் அதே தாள்தான்.

தாசில்தார் ஒப்புதல் கிடைக்கும்வரை ஊரிலேயே தவம் கிடக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர், ஆய்வாளர் விசாரணைகள் முடிந்துவிட்டால், விண்ணப்ப எண்ணைப் பத்திரமாகக் குறித்துக்கொண்டு கிளம்பலாம். டிஜிட்டல் கையெழுத்தோடு சான்றிதழ் இணையத்தில் ஏறியதும், திலக் நகர் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ள முடியும்.