முழங்கால் நிமிராவிட்டால்



ஒபரேஷன் முடிந்து தையலும் வெட்டியாயிற்று. புண் ஆறிவிட்டது. ஆனால் காலை நீட்டித் தூக்கச் சொன்னால் முழங்கால் கொஞ்சம் மடங்கியே நிற்கிறது. "கால் நம்ம பேச்சைக் கேக்குதில்லைங்க ஐயா" என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு. மழையில் மலையில் வழுக்கி விழுந்து, முழங்கால் சில்லு உடைந்து கம்பி போட்டவர்களுக்கு இது வரும்.

வேறொருவர் குதிக்காலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நேராகிறதா? நேரானால் மூட்டு இறுகவில்லை, நிமிர்த்தும் தொடைத் தசைதான் வேலை செய்யவில்லை என்று பொருள். நோவும் வீக்கமும் இருந்தால் அந்தத் தசை தானாகவே ஓய்ந்துவிடும். கடைசி 15 பாகை நிமிர ஏறக்குறைய 60 வீதம் கூடுதல் பலம் வேண்டும் என்று 1968இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். அதனால்தான் கால் அந்தக் கடைசி இடத்தில் நின்றுவிடுகிறது. கூடையோடு இறக்கத்தில் இறங்கும்போது முழங்கால் சட்டென்று மடங்குவதும் இதனால்தான்.

பிறர் தூக்கியும் நேராகாவிட்டால் மூட்டே இறுகிவிட்டது. இதற்குப் பெரும்பாலும் துணை போவது தலையணை! நோகுது என்று முழங்காலுக்குக் கீழே வைக்கிறோம். அன்புதான், ஆனால் கெடுதல்.

யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. போரிலும் மிதிவெடியிலும் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி வரும் இடம். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு, மிஞ்சிய முழங்கால் நிமிராவிட்டால் எவ்வளவு நல்ல கால் செய்தாலும் சரியாகப் பொருந்தாது, நடை கோணும். அவருக்கும் தலையணை ஆகாது. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்குப் போன நம் சொந்தங்களிலும் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சில்லு உடைந்தவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகு, காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தைப் பாயோடு அழுத்துங்கள். தொடை இறுகும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, காலை, பகல், மாலை. சுருட்டிய துவாயை வைப்பதானால் குதிக்காலுக்குக் கீழேதான்.

பிசியோதெரபி கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம். அரை நாள் பேர் போகுமே என்று நிற்பவர்களை நாம் அறிவோம். நேற்று வரை தூக்கிய காலை இன்று திடீரென்று தூக்கவே முடியாவிட்டால், கம்பியோ தசைநாரோ விட்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம்.