மக்சிக் வீட்டுப் பானை

கிறிஸ்துமஸ் வேலைகளைத் தொடங்கும்போது நான் முதலில் எழுதுவது சமையல் பட்டியலைத்தான். பிரியாணி, ஆட்டிறைச்சி வறுவல், கோழி ரெண்டாங், கேக், அச்சு முறுக்கு என்று வரிசையாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். இந்த ஆண்டு முதலில் வருகிறவர்களை எழுதினேன். அதற்குக் காரணம் எங்கள் எதிர் வீட்டு மக்சிக்.

ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எங்களுடையது ஒற்றை மாடி வீடு. மக்சிக் வீடு இரட்டை மாடி. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் முட்டியைத் தொட்டபோது கூட, "வடிந்துவிடும்" என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்புக்கு வந்த பிறகு மக்சிக்கின் மகன் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு இரவு அவர்கள் வீட்டு மாடியில் ஒன்பது பேர் இருந்தோம். இருந்த அரிசியையும் முட்டையையும் வைத்து, சிறிய கேஸ் அடுப்பில் மக்சிக் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். என் கையில் நான் எடுத்துப் போனது கணவரின் மருந்துப் பையும் பைபிளும் மட்டும். அந்தப் பைபிளை அவர் தன் அலமாரியின் மேல்தட்டில், நனையாத இடமாகப் பார்த்து வைத்தார். அந்த ஆண்டு எங்களுக்குக் கிறிஸ்துமஸ் சேற்றை அள்ளுவதிலேயே போயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவரை 2023 கிறிஸ்துமஸில் என் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சங்கடப்படுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டு கேக் என் மாமியார் கொண்டுவந்த முறை. தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர் அவர். உலர்பழங்களை நவம்பரிலேயே பிராந்தியில் ஊறப்போட்டுவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த ஜாடியை நானும் கேள்வி கேட்காமல் ஆண்டுதோறும் நிரப்பி வந்தேன். முஸ்லிம் விருந்தினருக்கென்று வேறு கேக் கடையில் வாங்கித் தனியாக வைப்பது வழக்கம். அன்று கூட்டத்தில் இரண்டு தட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. மக்சிக்கின் பேரனுக்கு அப்போது ஆறு வயது. அவன் எங்கள் கேக்கை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் என் மகள் ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள். பையன் அழுதான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "தாக் அபா, தாக் அபா" என்று மக்சிக் சிரித்துச் சமாளித்தார். எனக்கு நின்ற இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

2024இல் மக்சிக் வந்தார். தனியாக வந்தார். பெட்டிப் பானம் ஒன்றைக் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. நம்பிக்கை போய்விட்டது, இனி நம் வீட்டில் அவர் சாப்பிடமாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஓர் ஆண்டு முழுக்க அதை மனத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் பார்த்தால் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, சந்தியில் வாங்கிய பீசாங் கோரிங் பொட்டலத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "மக்சிக், என் வீட்டில் எதைச் சாப்பிட உங்களுக்கு மனம் ஒப்பும், எது ஒப்பாது? எனக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்று உன் மகள் செய்தது சரி. எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு தட்டையும் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாய். நான் சாப்பிட்டால் உனக்குத்தான் கஷ்டம் என்று நினைத்துத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் என்னை நம்பாமல் போனதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என் நிம்மதிக்காகப் பட்டினியாகப் போயிருக்கிறார்.

பிறகு விவரமாகப் பேசினோம். கோழியும் ஆடும் ஹலால் கடையிலிருந்து வந்தால் போதும். பன்றி இறைச்சி சமைத்த பானையில் செய்தது வேண்டாம். மது கலந்தது எந்த வடிவிலும் வேண்டாம். அவ்வளவுதான் அவர் கேட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லா மலாய்க்காரர்களும் கிறிஸ்துமஸ் வீட்டுக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிலருக்கு மனம் ஒப்புவதில்லை. அது அவர்கள் நம்பிக்கை சார்ந்தது. ஒருமுறை அழைத்து, வராவிட்டால் ஏன் என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அன்று இரவே தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸ் இந்த ஆண்டு வியாழக்கிழமை. பெரும்பாலானோருக்கு மறுநாள் வேலை. ஆகவே இரவு நெடுநேரம் உட்கார மாட்டார்கள். வியாழனும் வெள்ளியும் சைவம் சாப்பிடுகிற இந்து நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். மார்கழி பிறந்திருக்கும். கணவரோடு வேலை பார்த்த ஒருவர் கார்த்திகையிலேயே ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டார். அவருக்கு முட்டைகூடக் கூடாது என்பதால் கேக்கும் ஆகாது. பெயர்களை எழுதிப் பார்த்ததும், என் பழைய பட்டியலில் பாதி இவர்களில் யாருக்கும் பயன்படாது என்று தெரிந்தது. ஆறு கிலோ ஆட்டிறைச்சி சமைத்துவிட்டு மூன்று நாள் நாங்களே சூடுபண்ணிச் சாப்பிட்ட கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனவே நேரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 வரை அக்கம் பக்கத்தார், நண்பர்கள். மாலை 6 மணிக்கு மேல் குடும்பத்தார் மட்டும். பகல் மேசையில் சைவம் ஒரு பக்கம்: மீகூன் கோரிங், கொண்டைக்கடலைச் சுண்டல், கேசரி, பழங்கள். அதை விடியற்காலையில், அடுப்படிக்குள் இறைச்சி வருவதற்கு முன்பே தனிப் பாத்திரத்தில் முடித்துவிடுவேன். கரண்டியும் தனி. மறுபக்கம் கோழி பிரியாணியும் ரெண்டாங்கும். மாட்டிறைச்சி ரெண்டாங்தான் ருசி என்று என் மகன் சொல்வான். இந்து நண்பர்கள் உட்காரும் மேசையில் அது வேண்டாம், கோழியே போதும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் நாலைந்து வீட்டுக்குப் போகிறவர்கள், ஒரு கரண்டிதான் சாப்பிடுவார்கள். ஒரு கிலோ பாஸ்மதி அரிசி, கல்யாண விருந்தென்றால் எட்டுப் பேருக்கு வரும். இங்கே பன்னிரண்டு பேருக்குத் தாராளமாக வருகிறது.

ரெண்டாங்கை 23ஆம் தேதியே செய்துவிடலாம். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள்தான் மசாலா இறங்கி நன்றாக இருக்கும். வறுத்து அரைத்த தேங்காயை மட்டும் கஞ்சப்படாமல் போட வேண்டும். 24ஆம் தேதி இரவு கிள்ளான் லூர்து மாதா தேவாலயத்தில் திருப்பலி முடிந்து வீடு திரும்பவே நள்ளிரவு தாண்டிவிடும். அதற்கு மேல் வெங்காயம் நறுக்குகிற வயது எனக்குப் போய்விட்டது.

பன்றிக்கறி இந்தக் கிறிஸ்துமஸில் இல்லை. கொழுந்தனாருக்கு வருத்தம்தான். "நம் பெருநாள், நம் வீடு, நாம் ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு குழம்பு, அதை அவர் வீட்டில் புத்தாண்டு இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். முனகிக்கொண்டே சம்மதித்தார். பானை அவருடையது, சமைக்க மட்டும் நான் வர வேண்டுமாம்.

கேக்குக்கு வருகிறேன், வீட்டில் பெரிய விவாதம் இதில்தான் நடந்தது. பிராந்தி இல்லாமல் மாமியார் கேக் வருமா என்று என் கணவர் கவலைப்பட்டார். இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன், வருகிறது. அரைக் கிலோ உலர்பழங்களை (கருந்திராட்சை, சுல்தானா, செர்ரி, பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல்) மூன்று ஆரஞ்சுகளின் சாற்றிலும் அரைக் கோப்பை கெட்டித் தேநீரிலும் ஊறவைத்து, இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் நம் வெப்பத்தில் நுரைத்துவிடும். 250 கிராம் வெண்ணெய், 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 5 முட்டை, 250 கிராம் மாவு. கருக்கிய சர்க்கரைப் பாகு மூன்று மேசைக்கரண்டி சேர்த்தால் அந்தப் பழைய நிறமும் லேசான கசப்பும் கிடைக்கின்றன. 150 பாகையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், குச்சியை விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். மது கலந்த கேக் வாரக்கணக்கில் தாங்கும். இது தாங்காது. ஆகவே திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, 21ஆம் தேதி, பூசை முடிந்து வந்துதான் சுடப்போகிறேன். நவம்பரில் ஜாடி நிரப்பும் வேலை இல்லாதது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பழைய ஜாடியை எறியவும் மனம் வரவில்லை, அதில் புளி போட்டு வைத்திருக்கிறேன்.

கேக்கில் மட்டும் மது ஒளிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில வெனிலா எசன்ஸ்களில் இருக்கிறது. பரிசுக் கூடையில் வருகிற சாக்லேட்டுகளில் சிலவற்றின் நடுவே மதுவே இருக்கும். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லியிலும் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். ஜாக்கிம் ஹலால் முத்திரை இருந்தால் கவலையில்லை. நான் ஜெல்லிக்குப் பதில் அகார் அகார் செய்துவிடுகிறேன். அது கடற்பாசி, ஐயப்ப சாமிக்கும் ஆகும், மக்சிக்குக்கும் ஆகும்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். முட்டைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகை ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கேக்கும் பலகாரமும் முட்டையை விழுங்குகிற வேலைகள். அதனால் அச்சு முறுக்கு, நெய் உருண்டை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவற்றை நாத்தனார் செய்கிறார், மாற்றிக்கொள்வோம்.

பரிசு விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. பெரியவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் வாங்கி, ஜனவரியில் பாதியை அலமாரியில் போட்டுப் பூட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கினோம். ஒருவருக்கு ஒருவர், 40 வெள்ளிக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு விதிவிலக்கு. ஆனால் 2026இல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியிலேயே தொடங்குகிறது. சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் இதே டிசம்பரில்தான் வாங்க வேண்டும். ஆகவே பேரப்பிள்ளைகளுக்கு நான் காலணியும் பையும், அவர்களுடைய சித்தப்பா விளையாட்டுச் சாமான் என்று பேசி வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் யாரை அதிகம் விரும்புவார்கள் என்பது தெரிந்த விஷயம்தான், பரவாயில்லை. வருகிற சிறுவர்கள் எல்லாருக்கும் உறையில் 5 வெள்ளி.

மக்சிக்குக் கூடை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவர் பேரனுக்கு மட்டும் ஒரு பெட்டி வண்ணப் பென்சில். இப்போது அவனுக்கு எட்டு வயது. போன வாரம் வாசலில் பார்த்தபோது, "ஆன்ட்டி, இந்த முறை கேக் எனக்கும் உண்டா?" என்று கேட்டான். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

ரெண்டாங்கைத் தானே சமைத்துக் கொண்டுவருவதாக மக்சிக் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழைக்கிற வீடு என்னுடையது, சமையலும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சமையல் நான், பானை அவருடையது. நோன்புப் பெருநாளுக்கு அவர் ரெண்டாங் கிண்டுகிற பெரிய அலுமினியப் பானை, என் அடுப்பில் உட்காருமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

நேற்று அவர் மகன் அதைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அடுப்படியில் வேறு இடமில்லாததால் சலவை இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடி மட்டும் இன்னும் வரவில்லை. பேரன் அதை வைத்து மேளம் அடித்துக்கொண்டிருக்கிறானாம், கொடுக்க மாட்டேன் என்கிறானாம்.