கையெழுத்துப் போடும் முன்...

மாரிகுப்பத்தில் ரெயில் ஏறி, பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகும் குடும்பங்கள் கோலார் தங்கவயலில் உண்டு. அங்கே இங்கிலீஷில் அச்சடித்த பாரம் ஒன்றை நீட்டுவார்கள். நோயாளிக்குப் படிக்க வராது. மகன் கையெழுத்துப் போடுவான். தொல்லை பிறகுதான் தெரியவரும்.

வாய்ப் புற்றுக்குக் 'கரண்டு' வைத்தால் எச்சில் வற்றும், பல் கெடும். அதன்பின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பில் புண் ஆறாமல் போவதுண்டு. அதனால்தான் முன்கூட்டியே பல் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். 'சிஸ்பிளாட்டின்' மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். வேறு சில மருந்துகளால் விரல் மரத்துப்போகும். தையல்காரருக்கு விரல்தானே பிழைப்பு?

இவை வந்துவிட்டாலே டாக்டர் மீது குற்றம் என்று ஆகாது. நல்ல வைத்தியத்திலும் இவை வரும். வரக்கூடும் என்று முன்பே சொன்னாரா, நோயாளி சம்மதித்தாரா என்பதே கேள்வி.

டெல்லிப் பெண்ணின் வழக்கு

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுப் பரிசோதனைக்காக மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இது புற்றுநோய் வழக்கு அல்ல. ஆனாலும் எல்லா வைத்தியத்துக்கும் பொருந்தும் தீர்ப்பை 2008 ஜனவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்தது. டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்றது கோர்ட்டு. இருந்தும் ஆபரேஷன் கட்டணத்தை மறுத்து, 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. (தொகை சிறிதுதான்!)

உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, புத்தி தெளிவாக உள்ள பெரியவருக்காகத் தாயோ மகனோ சம்மதம் தர முடியாது. என்ன வைத்தியம், என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்கே சொல்ல வேண்டும். மிக அபூர்வமாக வரும் ஆபத்துகளைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

இலவச வைத்தியம் என்றால்?

"கம்பெனி செலவில் பார்த்த வைத்தியம், நாம் எப்படிக் கேட்பது?" என்று தயங்குவோர் உண்டு. வேலை நிபந்தனைப்படி முதலாளி செலவை ஏற்றாலும் அது இலவசம் ஆகாது, நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது.

சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புகாரை 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வைத்தியத்துக்குக் கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரி பெங்களூரில் இருந்தாலும், 2019 சட்டப்படி, குடியிருக்கும் கோலார் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.