கோல்ஃப் ஆட்டத்தில் வீச்சுப் பயிற்சி

கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் கோல்ஃப் கழகம் தோன்றியது. நுவரெலியாவிலும் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே திடல் அமைந்தது. ஆயினும், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே கண்டி வீதியிலுள்ள கனகராயன்குளத்து இளைஞன் ஒருவன் இவ்வாட்டத்தைப் பயில விரும்பினால் எங்கே செல்வான்? நகரத்துப் பயிற்சித் திடல் அவனுக்கு எட்டாதது. அதனால் அவனுக்கு நேரும் இழப்பு மிகச் சிறிது என்பதே என் கருத்து.

அத்திடலில் நடப்பதென்ன? கூடை நிறையப் பந்துகள். காலடியில் செயற்கைப் புல்விரிப்பு. வந்தவர் மிக நீண்ட கோலை எடுத்து முழு வலுவுடன் வீசத் தொடங்கிவிடுகிறார். இரும்புக் கோல் முதலிற் பந்தையும், பின்னரே நிலத்தையும் தொடவேண்டும். அது பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னே விழுந்தாலும், விரிப்பின்மீது வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே எழுப்பிவிடும். பிழை மறைந்துவிடுகிறது, நூறு முறை அடித்தால் நூறு முறையும் வேரூன்றுகிறது. மெய்யான புற்றரையிலோ அதே வீச்சு மண்ணிற் புதைய, பந்து சிறிது தூரம் உருண்டு நின்றுவிடும்.

கோலும் பந்தும் தொட்டிருப்பது ஒரு செக்கனின் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் கை எதனையும் திருத்தவியலாது. கோல் செல்லும் பாதையே பந்தின் தொடக்கத் திசையை வகுக்கும் என்று முன்னாளிற் கற்பித்தனர். ராடார் கருவிகள் வந்தபின், கோல்முகம் நோக்கும் திசையே பெரும்பாலும் அதனை வகுக்கின்றது என்பது தெளிவாயிற்று. முகத்துக்கும் பாதைக்குமுள்ள வேறுபாடு பந்தை வளைக்கின்றது. ஆகவே, பந்து விழுந்த இடத்தை மட்டுமன்றிக் கிளம்பிய திசையையும் நோக்குக.

இனி நம் இளைஞனிடம் வருவோம். காலபோக அறுவடை முடிந்தபின், ஆள்நடமாட்டமும் மாடுகளும் இல்லாத மணற்பாங்கான இடமொன்றில், அடிக்கும் திசைக்குக் குறுக்காகக் கோடொன்று கீறுக. பந்து வேண்டியதில்லை. கோடு இரு பாதங்களுக்கும் நடுவே வருமாறு நின்று, குறுகிய இரும்புக் கோலை இடுப்பளவுக்கு உயர்த்தி மெல்ல வீசுக. மண்ணில் விழும் தடம் கோட்டிலேயோ, இலக்குப் பக்கமாக அதனைக் கடந்தோ தொடங்கவேண்டும். பின்னே தொடங்கினால், வலக்கை ஆட்டக்காரருக்கு உடற்பாரம் பெரும்பாலும் வலக்காலிலேயே தங்கிவிட்டது எனக் கொள்க. மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகளுக்கு இது விரைவிற் பிடிபடலாம். வெயிலில் இறுகிய தரை மட்டும் வேண்டா, மணிக்கட்டு நோகும்.

தடம் ஓரிடத்திலேயே விழத் தொடங்கியபின் கோலைத் தோளளவுக்கு உயர்த்தலாம். முளைமீது வைத்த பந்தை நெடுங்கோலால் அடிப்பதற்கு இக்கோடு உதவாது. அங்கே கோல் மண்ணைத் தொடவே கூடாது.