செயற்கைப் பாதமும் பரத நாட்டியமும்

ஐதராபாத் நகரின் வடபால் அமைந்த ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் வழியே செல்பவர், மருந்துகளும் வேதிப்பொருள்களும் பிளாஸ்டிக் சாமான்களும் உலோக உறுப்புகளும் உற்பத்தியாகும் ஆலைகளையே காண்பர். அங்கே நின்று பரத நாட்டியத்தை நினைப்பவர் எவரும் இரார். எனினும் ரப்பர், டயர் நூல், அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் குழாய் போன்ற ஆலைப் பொருள்களைக் கொண்டே மனித உடலின் ஓர் உறுப்பை ஆக்கலாம். அவ்வுறுப்பைக் கொண்டு அரங்கேறி ஆடவும் செய்யலாம். இது நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்ட செய்தியாகும்.

உடலையும் இயந்திரத்தையும் இணைத்துக் காட்டும் கலை மேலைநாடுகளில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. ஸ்டெலார்க் என்னும் ஆஸ்திரேலியக் கலைஞர் 1980 ஆம் ஆண்டில் தம் வலக்கையோடு இயந்திரக் கை ஒன்றை மூன்றாவதாகப் பூட்டிக்கொண்டார். வயிற்றுத் தசைகளிலும் கால் தசைகளிலும் எழும் நுண்ணிய மின்குறிகளால் அக்கை இயங்கியது. இத்தகைய கலையில் பொறி காண்போர் கண்ணுக்குத் தென்பட வேண்டும், பொறியே காட்சி. இங்கு கூறவிருக்கும் இந்திய நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. இதில் பொறி மறைந்து, நடனம் மட்டுமே தெரிய வேண்டியிருந்தது.

பம்பாயில் வளர்ந்து இளமையிலேயே பரத நாட்டியம் பயின்றவர் சுதா சந்திரன். 1981 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் அவருடைய கணுக்காலில் காயம் உண்டாயிற்று. அக்காயத்தில் தசை அழுகல் கண்டமையால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே துண்டிக்க நேர்ந்தது. முழங்கால் மூட்டு தப்பியது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்தவை அனைத்திற்கும் அதுவே அடிப்படை. செயற்கைக் கால் பெறுவதற்காக அவர் ஜெய்ப்பூரை நாடினார்.

ஜெய்ப்பூர்ப் பாதம் என வழங்கும் சாதனம் 1960களின் பிற்பகுதியில் அந்நகரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் உருவானது. இதனை உருவாக்கியோர் இருவர். எலும்பு மருத்துவ அறிஞரான டாக்டர் பி. கே. சேத்தி ஒருவர், நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்து வந்த சிற்பியான ராமச்சந்திர சர்மா மற்றவர். சர்மாவுக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆனால் உருவங்களைக் கண்ணால் அளந்து கையால் வடிக்கும் திறன் அவருக்குப் பரம்பரைச் சொத்து. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் கடையொன்றில், ரப்பரை அச்சில் இட்டுச் சூடேற்றி வல்கனைஸ் செய்யும் முறையைக் கண்டபோதே பாதத்தையும் இவ்வாறு வார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகக் கூறுவர். விரல்களும் நகங்களும் தோலின் நிறமும் அமைந்த அப்பாதத்தைப் பார்ப்பவர் அது சிற்பியின் கைவேலை என்பதை உடனே உணர்வர். 1981 ஆம் ஆண்டில் டாக்டர் சேத்திக்கு மகசேசே பரிசும் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. சர்மாவின் பெயரை அறிந்தோர் அன்றும் சிலரே; இன்றும் சிலரே.

இப்பாதத்திற்கு என்ன தேவை நேர்ந்தது? அதற்கு முன் நம் மருத்துவமனைகளில் வழங்கப்பட்ட செயற்கைப் பாதம், 1950களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மாதிரியைத் தழுவியது. அதில் கணுக்கால் அசைவதில்லை. உள்ளே முன்பாதம் வரை நீளும் மரக்கட்டை ஒன்று உண்டு. குதிகாலில் மட்டும் மெத்தை போன்ற ரப்பர் இருக்கும். நாற்காலியில் அமர்ந்து, பூட்ஸ் அணிந்து, சமதளத்தில் நடப்பவருக்கு அது போதும். வெறுங்காலுடன் நடந்து, குந்தி உட்கார்ந்து, தரையில் சம்மணமிட்டு உண்டு, வயலின் சேற்றில் இறங்கும் மக்களுக்கு அது உதவவில்லை. பலர் அதனை வீட்டு மூலையில் வைத்துவிட்டுக் கோலூன்றியே நடந்தனர்.

சேத்தியும் சர்மாவும் அந்த மரக்கட்டையை விலக்கினர். முன்பாதத்திற்கும் குதிகாலுக்கும் தனித்தனியே நுண்துளை ரப்பர்க் கட்டிகளை அமைத்தனர். ரப்பர்ச் செருப்பின் அடித்தட்டாகப் பலரும் அறிந்த பொருளே அது. மரத்தை மேலே கணுக்காற் பகுதியளவில் நிறுத்திக்கொண்டனர். இவை அனைத்தையும் டயர் நூலால் வலுவூட்டிய ரப்பர்த் தோலினால் போர்த்தி, அச்சில் இட்டு வல்கனைஸ் செய்தனர். குதிகாலில் உள்ள ரப்பர் அடுக்கு எப்பக்கமும் வளைந்து கொடுக்கும். ஆகவே பாதம் மேல்நோக்கி மடங்கும், பக்கவாட்டில் சாயும், ஓரளவு திரும்பவும் செய்யும். அதற்கு மேலுள்ள கீழ்க்கால் முதலில் அலுமினியத் தகட்டைத் தட்டி ஆக்கப்பட்டது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் குழாயும் அவ்விடத்திற்கு வந்தது.

இப்போது நடனத்திற்கு வருவோம். உழவனுக்காக வகுத்த பாதம் நர்த்தகிக்கு எவ்வாறு பயன்பட்டது? பரத நாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி ஆகும். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மடங்க, பாதங்கள் முழுமையாகத் தரையில் படிந்திருக்க வேண்டும். முழங்கால் மடங்கினால் கீழ்க்கால் பாதத்தின் மேல் முன்னே சாயும். அச்சாய்வுக்குக் கணுக்கால் இடம் கொடாவிடில் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடும். அசையாத கணுக்காலை உடைய பாதத்தில் அரைமண்டி கைகூடாமைக்குக் காரணம் இதுவே. குந்துவதற்கென அளித்த வளைவே இங்கு மண்டிக்கும் உதவியது. நாட்டியமும் உழவும் ஒரே தரையில், வெறுங்காலுடன் செய்யப்படுபவை என்பதை எண்ணினால் இதில் வியப்பு இல்லை.

ஆனால் தட்டடவு வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. பாதத்தைத் தூக்கித் தரையில் முழுதும் படுமாறு அறையும்போது எழும் எதிர்விசை, இயற்கைக் காலில் குதிகாலின் கொழுப்புத் திசு, எலும்புகள், தசைகள் வழியே பரவித் தணிகிறது. செயற்கைக் காலிலோ அவ்விசையின் பெரும்பகுதி, எஞ்சிய காலை ஏந்தி நிற்கும் கூட்டின் சுவரில் வந்து மோதுகிறது. அங்குள்ள தோல் பாரம் தாங்குவதற்கென இயற்கையால் அமைக்கப்பட்டதன்று. சுதா சந்திரன் மீண்டும் பயிலத் தொடங்கியபோது அவ்விடத்தில் இரத்தம் கசிந்ததும் வலி மிகுந்ததும் இக்காரணத்தினாலேயே. மேலும், துண்டிக்கப்பட்ட கால் முதற்சில மாதங்களில் சுருங்கி வடிவம் மாறும்; நேற்றுப் பொருந்திய கூடு இன்று தளரும். குத்தித்து மெட்டில் முன்பாதத்தின்மீது குதித்து நின்று, உடனே குதிகாலை அறைய வேண்டும். இங்கு ரப்பர் தானாக எழும்பாது. முழங்காலும் இடுப்பும் அதனை எழுப்ப வேண்டும்.

உணர்ச்சியைப் பற்றியும் கூற வேண்டும். நர்த்தகி தாளத்தைக் காதால் மட்டுமன்றி உள்ளங்காலாலும் அறிகிறாள். ரப்பர்ப் பாதத்தில் நரம்பு இல்லை. பாதம் தரையில் பட்டதா, எவ்வளவு அழுத்தமாகப் பட்டது என்ற செய்திகள் கூட்டின் வழியே முழங்காலுக்கு வரும் அழுத்தமாகவே கிடைக்கின்றன. தோல் அறையும் ஒலியும் ரப்பர் அறையும் ஒலியும் ஒன்றல்ல. அறிமுகமற்ற இக்குறிகளை மூளை படித்துப் பழக வேண்டும். ஒரு புதிய மொழியைக் கற்பதற்கு இதனை ஒப்பிடலாம். 1981 இல் காலை இழந்தவர் 1984 இல்தான் பம்பாயில் மீண்டும் மேடையேறினார். இடைப்பட்ட காலம் இப்பயிற்சியிலேயே கழிந்தது. பத்திரிகைகள் இதனை அற்புதம் என எழுதின. பாராட்டும் நோக்கத்தில் எழுந்த சொல்லேயாயினும், பொருத்தமான சொல்லன்று. ரப்பரின் வளைவும் அம்மங்கையின் உழைப்பும் அச்சொல்லில் ஒருங்கே மறைந்துவிடுகின்றன.

செயற்கை உறுப்பின் எடையும் முக்கியமானது. காலின் நுனியில் கட்டிய சிறு சுமை, இடுப்பில் கட்டிய பெருஞ்சுமையைவிட அதிகம் களைப்பூட்டும். வீசப்படும் பொருளின் சடத்துவம் அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதே காரணம். ஐதராபாத்தின் பெயர் இத்துறையில் நினைவுகூரப்படுவது இங்கேதான். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் ஏவுகணைகளுக்கென ஆக்கிய இலேசான கலப்புப் பொருளை, அந்நகரின் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்தார். இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த குழந்தைகள் அணிந்திருந்த இரும்புத் தாங்கிகள் மூன்று கிலோவுக்கும் மேற்பட்டவை. அக்கூடத்தின் தலைவராயிருந்த டாக்டர் அப்துல் கலாம் முயற்சியால் அதே வேலையைச் செய்யும் 300 கிராம் தாங்கிகள் ஆக்கப்பட்டன. முன்பு காலை இழுத்து நடந்த குழந்தைகள் பின்னர் ஓடித் திரிந்தனர்.

சுதா சந்திரனின் வரலாறு 1985 இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் ‘மயூரி’ என்னும் தெலுங்குத் திரைப்படமாயிற்று. ராமோஜி ராவ் தயாரித்த அப்படத்தில் அவரே தம் வாழ்க்கையை நடித்துக் காட்டினார்; அதற்காகத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றார். படத்தைக் கண்டோர் எக்கால் இயற்கை, எக்கால் செயற்கை என்று ஆராய்வதைச் சிறிது நேரத்தில் மறந்தனர்.

ரப்பர்ப் பாதம் தேயும் பொருளே. கல்லிலும் சேற்றிலும் உழைத்தால் அதன் தோல் வெடிக்கும். மேடையில் ஓயாது அறைந்தாலும் வெடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றியாக வேண்டும். 1975 இல் ஜெய்ப்பூரில் நிறுவப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இக்கால்களைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. அங்கே உழவரும் கூலித் தொழிலாளரும் மாணவரும் ஒரே வரிசையில் அமர்ந்து அளவு கொடுக்கின்றனர்; எவர் பாதமும் ஒரே வகை அச்சிலிருந்துதான் வெளிவருகிறது.